இரைப்பைக்கு இட்ட கட்டு

உடல் பருத்தலை ஒரு நோயென்று கருதுவதும், அதற்கு மருந்து தேடுவதும் புதியன அல்ல. ஆனால், பருமனைக் குறைப்பதற்காகவே ஒருவரின் வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்யும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தோன்றி வளர்ந்தது. அவ்வழக்கத்தில் வந்த பலவகைச் சிகிச்சைகளுள் இரைப்பைப் பட்டை என்பதும் ஒன்று. இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி ஒரு சிறு வளையத்தை மாட்டி, ஒரு வேளையில் உட்கொள்ளும் உணவின் அளவை அடக்கி வைப்பதே அதன் நோக்கம். 1980-களில் உருப்பெற்ற இம்முறை, 2000-க்குப் பின் உலகின் பல நாடுகளிலும் பரவிற்று. பரவிய வேகத்திலேயே மறையவும் தொடங்கிற்று. ஒரு சிகிச்சை எழுந்ததும் வீழ்ந்ததுமாகிய இச்சிறு வரலாறு, மனிதனின் பசியைப் பற்றி மருத்துவர்கள் கொண்டிருந்த கருத்தையே மாற்றிவிட்டது. ஆதலால் அதனைச் சிறிது விரிவாகக் காண்பது பயனுடையது.

இது நமக்கு எட்டாத செய்தியன்று. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 24 பேர் மிகை எடை உடையவர்கள். தமிழ்நாட்டில் இத்தொகை நூற்றுக்கு 40, டில்லியில் 41. தமிழகத்தில் பிறந்து தலைநகரில் வாழும் குடும்பங்கள் இவ்விரு கணக்குகளுக்கும் உரியவை! பெரிய நகரங்களிலெல்லாம் இன்று எடை குறைக்கும் அறுவைச் சிகிச்சை செய்கின்ற மருத்துவமனைகள் இருக்கின்றன. செய்துகொள்ளலாமா, வேண்டாமா என்று ஆலோசிக்கும் வீடுகளும் பல. அவ்வாறு ஆலோசிப்பவர்களுக்கு விளம்பரத்தைக் காட்டிலும் வரலாறு நல்ல துணையாகும்.

பழங்காலத்தவர் பருமனை எவ்வாறு நோக்கினர் என்பதை முதலில் பார்ப்போம். சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில், உலகத்தாரால் பழிக்கப்படும் எட்டு வகை உடலமைப்புகள் கூறப்படுகின்றன. மிகப் பருத்தலும் மிக மெலிதலும் அவ்வெட்டனுள் அடங்கும். இவ்விரண்டில் மெலிவே மேல், பருமனுக்குச் சிகிச்சை செய்வது அரிது என்பது அந்நூலின் முடிவு. பருமனுக்குரிய காரணங்களாக மிகையாக உண்ணல், உடலுழைப்பின்மை, பகலுறக்கம் முதலியவற்றைக் கூறிய அந்நூல், பிறப்பு வழி வரும் இயல்பையும் உடன் சேர்த்தது. பருத்தவனுக்கு உணவு விரைவில் செரித்துவிடுவதால் பசியும் மிகுதியாக எழுகிறது என்றும் கூறிற்று. பருத்தவன் அதிகம் உண்பதனால் பருக்கிறான் என்பது எல்லாரும் அறிந்தது. பருத்திருப்பதனாலேயே அவனுக்குப் பசியும் மிகுகிறது என்பது ஆழ்ந்து நோக்கியவர் கூற்று. இக்கருத்தைச் சோதனை வாயிலாக நிறுவ மருத்துவ உலகிற்கு நெடுங்காலம் ஆயிற்று.

மேல்நாட்டு வரலாற்றிலும் பருமன் அரசியலில் புகுந்த செய்தி ஒன்று உண்டு. ஸ்பெயின் நாட்டின் வடபகுதியிலிருந்த லியோன் அரசின் மன்னன் சாஞ்சோ, மிகப் பருத்தவன் என்ற காரணத்தால் 958-இல் தன் பிரபுக்களாலேயே அரியணையினின்று இறக்கப்பட்டான். அவனுடைய பாட்டி நவார் நாட்டு அரசி தோடா, அவனைக் கோர்தோபா நகருக்கு அழைத்துச் சென்றாள். அங்கே கலீபாவின் அவையிலிருந்த ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்னும் யூத மருத்துவர் அவனுக்குச் சிகிச்சை அளித்தார். உடல் மெலிந்த சாஞ்சோ, கலீபாவின் படைத் துணையுடன் திரும்பித் தன் அரசை மீட்டுக்கொண்டான். எடையை இழந்து நாட்டைப் பெற்ற அரசன் அவன்!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் நகரில் வில்லியம் பாண்டிங் என்பவர், மருத்துவர் ஒருவர் வகுத்த உணவு முறையால் தம் எடையைக் குறைத்துக்கொண்டார். தம் அனுபவத்தை 1863-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ரொட்டி, வெண்ணெய், சர்க்கரை, உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் குறைத்ததே அவர் பெற்ற பயனுக்குக் காரணம். அந்நூல் பெரும் புகழ் பெற்றது. ஸ்வீடன் நாட்டு மொழியில் எடைக்காக உணவைக் குறைத்தலுக்கு வழங்கும் சொல், இன்றும் இவருடைய பெயரினின்று பிறந்ததாகவே இருக்கிறது. ஆயினும், இத்தகைய உணவு முறைகளால் எடை குறைந்தோர் பலர். குறைந்த எடையைப் பல ஆண்டுகள் காத்தவர் சிலரே. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தவர்களும் சில காலத்திற்குப் பின் பழைய எடைக்கே திரும்பினார்கள். 'மன உறுதி போதவில்லை' என்று மருத்துவரும் சொன்னார், உறவினரும் சொன்னார்கள், நோயாளியும் அவ்வாறே நம்பினார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அறுவை மருத்துவர்கள் இத்துறையில் புகுந்தனர். ஸ்வீடனில் ஹென்ரிக்சன் என்னும் மருத்துவர், பருமனுக்காகச் சிறுகுடலின் ஒரு பகுதியை வெட்டி நீக்கிய செய்தியை 1952-இல் வெளியிட்டார். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக் கழகத்தில் கிரெமன், லின்னர் முதலியோர் நாய்களின் சிறுகுடலைப் பலவாறு குறுக்கிச் சோதனை செய்து, 1954-இல் தம் முடிவுகளை அறிவித்தனர். உண்ட உணவின் சத்தை உடலில் ஏற்றுவது சிறுகுடல். அதன் பெரும்பகுதியை விலக்கி, மேல் நுனியைக் கீழ் நுனிக்கு அருகில் இணைத்துவிட்டால், உணவு சத்தாக மாறுமுன்னரே வெளியேறிவிடும் என்பது அவர்கள் கருத்து.

கருத்து எளியது, விளைவு கொடியதாயிற்று. ஏறத்தாழ இருபது அடி நீளமுள்ள சிறுகுடலில் ஒன்றரை அடி மட்டுமே உணவு செல்லும் வழியாக எஞ்சுமாறு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பெய்ன், டிவிண்ட் என்னும் மருத்துவர்கள் 1969-இல் ஒரு முறையை வகுத்துக் கூறினர். எடை வேகமாகக் குறைந்தது உண்மையே. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கும், உயிர்ச்சத்துக் குறைவும், சிறுநீரகக் கற்களும், சிலருக்குக் கல்லீரல் கேடும் தொடர்ந்தன. உயிரிழந்தோரும் உண்டு. பலருக்கு மறுபடியும் வயிற்றைத் திறந்து, குடலைப் பழைய நிலைக்கே மாற்ற வேண்டியதாயிற்று. பருமன் என்னும் நோய்க்குப் பதிலாகப் பட்டினி என்னும் நோயைக் கொடுத்ததுபோல் ஆயிற்று அச்சிகிச்சை. மெல்ல மெல்ல அது கைவிடப்பட்டது.

இதற்கிடையில் அயோவா பல்கலைக் கழகத்து மருத்துவர் எட்வர்டு மேசன் வேறொரு வழியில் சிந்தித்தார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிய நோயாளிகள் மெலிந்துபோவதும், மீண்டும் பருக்க இயலாமல் இருப்பதும் மருத்துவர்கள் அன்றாடம் கண்ட காட்சி. அந்நாளில் அதனைச் சிகிச்சையின் குறைபாடு என்று எண்ணினர். அக்குறைபாட்டையே பருத்தவர்க்கு மருந்தாக்கலாம் என்று மேசன் கருதினார். 1966-இல் சிக்காஷி ஈட்டோ என்பவரோடு சேர்ந்து, இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையைப் பிரித்து, அதனை நேராகச் சிறுகுடலோடு இணைத்தார். இதுவே இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையின் தொடக்கம். பயன் மிகுந்த சிகிச்சைதான்; ஆனால் அந்நாளில் அது பெரிய அறுவை. வயிற்றை நீளக் கிழித்து, இரைப்பையை வெட்டி, குடலை இணைத்துத் தைக்க வேண்டும். தையல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. பருத்த உடலில் இவ்வாபத்து இன்னும் மிகுதி.

இவற்றையெல்லாம் கண்டபின், மருத்துவர்கள் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது இயல்பே. எதையும் வெட்டாமல், எதையும் நீக்காமல், வேண்டாதபோது எடுத்துவிடக் கூடிய முறை ஒன்று இல்லையா? அக்கேள்விக்கு விடையாகப் பிறந்ததே இரைப்பைப் பட்டை.

அமெரிக்காவில் வில்கின்சன் என்பவர் 1978-இல் இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி ஒரு செயற்கை இழை வலையைக் கட்டினார். பின்னர் மோலினா என்பவர் டாக்ரான் துணியால் ஆன பட்டையைப் பயன்படுத்தினார். இப்பட்டைகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. ஒருமுறை கட்டிய இறுக்கம் கட்டியதுதான். இறுக்கம் மிகுந்தால் நோயாளி உண்டதை வாந்தியெடுப்பார், குறைந்தால் பயனில்லை. மேலும், அத்துணி உடலின் திசுக்களோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தெடுக்க அரியதாயிற்று.

இக்குறையைப் போக்கியவர்கள், கடலின் இரு கரையிலும் இருந்து, ஏறக்குறைய ஒரே காலத்தில் உழைத்தவர்கள். ஸ்டாக்ஹோம் நகரில் ஹால்பெர்க், ஃபோர்செல் என்னும் மருத்துவர்கள் 1985-ஐ ஒட்டி ஒரு பட்டையை உருவாக்கினர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உக்ரேனிய மரபினரான லுபோமிர் குஸ்மாக் 1983-இல் சிலிக்கோன் பட்டையைப் பயன்படுத்தத் தொடங்கி, 1986-இல் அதனை இறுக்கவும் தளர்த்தவும் கூடியதாக மாற்றினார்.

அதன் அமைப்பு வியக்கத்தக்க எளிமை உடையது. சிலிக்கோன் வளையத்தின் உட்புறத்தில், சைக்கிள் டயருக்குள் இருக்கும் ட்யூப் போல, ஒரு மெல்லிய உறை இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டு, வயிற்றின் தோலுக்கு அடியில் பதிக்கப்பட்ட சிறு குமிழ் ஒன்றில் முடியும். மருத்துவர் ஊசியால் அக்குமிழில் சில மில்லிலிட்டர் உப்புநீரைச் செலுத்தினால் உறை பருத்து வளையம் இறுகும். உப்புநீரை எடுத்துவிட்டால் தளரும். வளையத்திற்கு மேலே 15 முதல் 30 மில்லிலிட்டர் வரையே கொள்ளும் ஒரு சிறு பை போன்ற பகுதி அமையும். சிறிது உணவிலேயே அப்பகுதி நிறைந்து, உண்டது போதும் என்ற உணர்ச்சி எழும். உணவு பிறகு மெதுவாகக் கீழே இறங்கி, வழக்கம்போல் செரிக்கும். குடலில் எவ்வித மாற்றமும் இல்லை. ஆதலால் உயிர்ச்சத்துக் குறைவும் பிற முறைகளில் உள்ள அளவு இல்லை.

அக்காலத்திலேயே அறுவைச் சிகிச்சையில் மற்றொரு புரட்சி நிகழ்ந்துகொண்டிருந்தது. வயிற்றைக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே விளக்கும் கருவிகளும் செலுத்தி, திரையில் பார்த்தவாறே சிகிச்சை செய்யும் லேப்பராஸ்கோப்பு முறை 1980-களின் இறுதியில் ஐரோப்பாவில் பரவிற்று. நம் நாட்டில் பம்பாய் மருத்துவர் தெஹெம்டன் உத்வாடியா 1990-இல் இம்முறையில் பித்தப்பையை அகற்றி வழிகாட்டினார். பருத்த உடலுக்கு நீண்ட காயமே பெரும்பகை; அது ஆறுவது கடினம். ஆகவே துளை வழிச் சிகிச்சையும், வெட்டுத் தேவைப்படாத பட்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக அமைந்தன. எத்தியோப்பியாவில் பிறந்து பெல்ஜியத்தில் பணியாற்றிய மிட்டிகு பெலாச்சு என்னும் மருத்துவர், ஹுயி என்னும் சிற்றூரில், 1993 செப்டம்பர் 1-ஆம் நாள், இறுக்கித் தளர்த்தக் கூடிய பட்டையைத் துளை வழியே பொருத்தினார். நோயாளி ஓரிரு நாட்களில் வீடு திரும்பக் கூடிய சிகிச்சையாக அது விரைவில் வளர்ந்தது.

அதன்பின் பட்டையின் பொற்காலம் தொடங்கிற்று. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆயிரக்கணக்கானோர் இதனை நாடினர். 2001 ஜூனில் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி வழங்கிற்று. மெல்போர்ன் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியாகிப் பலரையும் கவர்ந்தது. அண்மையில் நீரிழிவு கண்ட, பருமனுடைய 60 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பட்டையும், மற்றப் பிரிவுக்கு வழக்கமான மருந்தும் உணவு முறையும் அளித்தனர். இரண்டு ஆண்டு முடிவில், பட்டை பொருத்தியவர்களில் நூற்றுக்கு 73 பேருக்கும், மற்றவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கும் நீரிழிவு அடங்கியிருந்தது. 2011-இல் அமெரிக்காவில் எடைக்காகச் செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பட்டையாகவே இருந்தது.

ஆனால் அதே அமெரிக்காவில் 2019-க்குள் இத்தொகை நூற்றுக்கு ஒன்று என்னும் அளவுக்கு இறங்கிவிட்டது. எட்டே ஆண்டுகளில் இவ்வளவு பெரிய வீழ்ச்சி ஏன்?

முதற் காரணம், காலம். ஓர் ஆண்டில் நன்றாகத் தோன்றிய சிகிச்சை, பத்து ஆண்டுகளில் தன் குறைகளைக் காட்டிற்று. வளையம் இடம் பெயர்ந்தது; மேலிருந்த சிறு பகுதி விரிந்தது; குழாயும் குமிழும் பழுதுபட்டன; சிலருக்கு வளையம் இரைப்பையின் சுவரை மெல்ல அரித்துக்கொண்டு உள்ளே புகுந்தது. 1994 முதல் 1997 வரை பெல்ஜியத்தில் பட்டை பொருத்தப்பட்டவர்களை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் ஆராய்ந்த ஒரு குழு, தன் முடிவுகளை 2011-இல் வெளியிட்டது. தேடிக் கண்டுபிடிக்க முடிந்த 82 பேரில், கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பட்டை எடுக்கப்பட்டிருந்தது. நூற்றுக்கு 60 பேர் மறுபடியும் அறுவைக்கு உள்ளாகியிருந்தனர்.

எல்லா இடங்களிலும் இதே நிலை என்று கூறுவதற்கில்லை. பட்டைச் சிகிச்சையில் புகழ்பெற்ற மெல்போர்ன் குழுவினர் 2013-இல் தம் பதினைந்தாண்டு அனுபவத்தை வெளியிட்டபோது, மிகை எடையில் ஏறத்தாழப் பாதி குறைந்து நிலைத்திருந்தது. பட்டை எடுக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு 6 பேருக்கும் குறைவு. எனினும் அங்கும் பத்துப் பேரில் நால்வருக்கு ஏதேனும் ஒரு திருத்த அறுவை தேவைப்பட்டது. அக்குழுவினர் ஓயாது வலியுறுத்தியது, சிகிச்சைக்குப் பிந்திய கவனிப்பையே. பட்டை என்பது பொருத்திவிட்டு மறந்துவிடும் பொருளன்று. முதல் ஆண்டில் அடிக்கடியும், பிறகு ஆண்டுதோறும், உப்புநீரைக் கூட்டவும் குறைக்கவும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இது வாழ்நாள் முழுவதும் தொடரும் உறவு.

இரண்டாவது காரணம், உணவின் இயல்பு. இறுகிய வளையத்தின் வழியே சோறும், ரொட்டியும், நார் மிகுந்த இறைச்சியும் எளிதில் இறங்குவதில்லை. பாயசமும் பழரசமும் ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். நல்ல உணவு தொண்டையை அடைப்பதையும், இனிப்பு இதமாகச் செல்வதையும் கண்ட பலர், தம்மை அறியாமலே பின்னதை நாடினர். வளையம் வாயிலைக் காத்தது. ஆனால் வாயிலில் நுழைவது எது என்று அதற்குத் தெரியாது.

மூன்றாவது காரணமே எல்லாவற்றினும் ஆழமானது. பசி என்பது இரைப்பையின் கொள்ளளவைப் பொறுத்தது மட்டுமன்று என்பது இக்காலத்தில்தான் தெளிவாயிற்று. வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த வால்டர் போரிஸ் என்னும் அறுவை மருத்துவர், மாற்றுவழிச் சிகிச்சை பெற்ற 608 பேரின் நிலையை 1995-இல் வெளியிட்டார். அவர்களுள் நீரிழிவு உடையவர்கள் 146 பேர். அவர்களில் 121 பேருக்கு இரத்தச் சர்க்கரை இயல்பான நிலைக்கு வந்தது. அதுவும் எடை குறைந்தபின் அன்று. பலருக்குச் சில நாட்களுக்குள்ளேயே வந்துவிட்டது! அங்ஙனமாயின், உணவின் அளவு குறைந்ததைத் தவிர வேறேதோ உடலுக்குள் மாறியிருக்க வேண்டும்.

1999-இல் ஜப்பானிய அறிஞர்களான கொஜிமா, கங்காவா முதலியோர், இரைப்பையிலிருந்து ஊறி இரத்தத்தில் கலக்கும் கிரெலின் என்னும் சுரப்பைக் கண்டறிந்தனர். உணவு வேளைக்குச் சற்று முன் அது உயர்ந்து, மூளையில் பசியை எழுப்புகிறது; உண்டபின் தாழ்கிறது. 2002-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதனை மேலும் ஆராய்ந்தனர். உணவைக் குறைத்து எடை இழந்தவர்களின் இரத்தத்தில் கிரெலின் முன்னைவிட நூற்றுக்கு 24 பங்கு மிகுந்திருந்தது. மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவர்களிடம் அது மிகத் தாழ்ந்திருந்தது. இதன் பொருள் என்ன? ஒருவர் உணவைக் குறைத்து மெலிகின்றபோது, உடல் அதனைப் பஞ்சம் என்று எண்ணி, பசியை மேலும் மூட்டுகிறது. அவர் போராடுவது நாக்கோடு அன்று. இழந்த எடையை மீட்கத் துடிக்கும் தம் உடலின் இயற்கையோடு. ஆண்டுக்கணக்கில் அப்போரை நடத்தித் தோற்றவரை 'மன உறுதி இல்லாதவர்' என்று பழித்தது எவ்வளவு பெரிய அநீதி!

பட்டை சிலருக்குப் பசியைத் தணித்தது உண்டு. எனினும் குடலையும் சுரப்புகளையும் அது பெரிதும் மாற்றவில்லை. எது அதன் சிறப்பாகப் போற்றப்பட்டதோ, அதுவே அதன் எல்லையாகவும் ஆயிற்று. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய பேராய்வு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. அறுவைச் சிகிச்சை பெற்ற 2,010 பேரையும், பெறாத 2,037 பேரையும் அந்நாட்டு மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பத்து ஆண்டு முடிவில், பட்டை பெற்றவர்கள் தம் எடையில் நூற்றுக்கு 13 பங்கும், மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவர்கள் 25 பங்கும் இழந்திருந்தனர். அறுவை பெற்றவர்களின் ஆயுள், பெறாத பருத்தவர்களின் ஆயுளைவிட ஏறக்குறைய மூன்று ஆண்டு மிகுந்திருந்தது என்று 2020-இல் அறிவித்தனர். ஆனால் அது பொதுமக்களின் ஆயுளைவிடக் குறைவே என்பதையும் மறைக்காமல் கூறினர். நோயின் முழுச் சுமையையும் அறுவை நீக்கிவிடுவதில்லை.

பட்டையின் இடத்தைப் பிடித்தது, இரைப்பையின் வெளிப்பகுதியை நீளவாட்டில் வெட்டி நீக்கி, எஞ்சியதை ஒரு குறுகிய குழாயாக்கும் முறை. இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது இதுவே. நீக்கப்படும் பகுதியில்தான் கிரெலின் பெரும்பாலும் ஊறுகிறது. ஆதலால் இரைப்பை சிறியதாவதோடு பசியும் தணிகிறது. ஆனால் வெட்டி எறிந்த இரைப்பை திரும்ப வராது. எடுத்துவிடக் கூடியது என்ற ஆறுதல் பட்டைக்கு இருந்தது, இதற்கு இல்லை.

நம் நாட்டு நிலையைப் பற்றியும் சில சொற்கள். உடல் எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை எண். அமெரிக்காவில் 1991-இல் கூடிய வல்லுநர் குழு, இவ்வெண் 40-ஐ எட்டியவர்களுக்கும், 35-ஐ எட்டிப் பிற நோய்களும் உடையவர்களுக்கும் அறுவை தகும் என்று வரையறுத்தது. ஆனால் இந்தியர் உடலின் இயல்பு வேறு. 2004-இல் புனே மருத்துவர் யாஜ்னிக், தம்மையும் தம் ஆங்கிலேய நண்பர் யுட்கினையும் அருகருகே நிறுத்திய ஒரு படத்தை வெளியிட்டார். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே; 22.3. ஆனால் ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9 பங்கு. யாஜ்னிக் உடலிலோ 21 பங்கு! பார்வைக்கு மெலிந்தவராகத் தோன்றும் இந்தியருக்கும் நீரிழிவு வருவதன் மர்மம் இதில் பெரிதும் அடங்கியிருக்கிறது. இதனால், இந்தியர்க்கு 25-க்கு மேற்பட்டாலே பருமன் என்று 2009-இல் நம் நாட்டு வல்லுநர்கள் வகுத்தனர். ஆசிய மக்களுக்கு 27.5 முதலே அறுவையை எண்ணிப் பார்க்கலாம் என்று 2022-இல் பன்னாட்டுச் சங்கங்கள் கூறின. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதிகளிலோ, 40 என்றும், கடுமையான உடன்நோய் இருப்பின் 35 என்றும் உள்ளது. மருத்துவர் தகும் என்பதும், காப்பீட்டு நிறுவனம் பணம் தருவதும் ஒன்றல்ல என்பதை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

ஊர் விட்டு ஊர் மாறிப் பணியாற்றுகின்றவர்கள் இவ்வரலாற்றிலிருந்து முதன்மையாகக் கொள்ளத்தக்க பாடம், பிந்திய கவனிப்பைப் பற்றியது. விடுமுறையில் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ சென்று சிகிச்சை செய்துகொண்டு, உடனே நாக்பூருக்கோ கல்கத்தாவுக்கோ திரும்பிவிடுவது எளிது. ஆனால் அதன் பிறகு யாரிடம் செல்வது? எந்த முறையில் அறுவை செய்துகொண்டாலும், இரும்புச் சத்து, பி 12 உயிர்ச்சத்து முதலியவற்றை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். மரக்கறி உண்போர்க்கு இது இன்னும் இன்றியமையாதது. வாழும் ஊரில் தொடர்ந்து பார்க்கக் கூடிய மருத்துவரைத் தேடிக்கொண்ட பின்னரே, அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும். சிகிச்சைக் குறிப்புகளின் படிகளைக் கையோடு வைத்திருக்க வேண்டும். முன்னாளில் பட்டை பொருத்திக்கொண்டவர்கள், இப்பொழுது தொல்லை இல்லை என்று வாளா இருத்தல் கூடாது. உணவு விழுங்குவதில் தடையோ, அடிக்கடி வாந்தியோ, இரவில் படுத்தவுடன் இருமலோ கண்டால் தாமதியாமல் மருத்துவரை நாட வேண்டும்.

2021-க்குப் பின் இத்துறை மீண்டும் ஒரு திருப்பத்தைக் கண்டிருக்கிறது. குடலில் இயற்கையாக ஊறும் சுரப்புகளைப் போல இயங்கி, பசியை அடக்கும் செமக்ளூடைடு, டிர்செபடைடு என்னும் ஊசி மருந்துகள் எடைக்குறைப்புக்கென அனுமதி பெற்றன. 2025-இல் அவை நம் நாட்டிலும் எடைக்காக விற்பனைக்கு வந்தன. அறுவைச் சிகிச்சை கற்றுக்கொடுத்த பாடத்தையே இவை மருந்து வடிவில் செய்கின்றன எனலாம். ஆனால் நிறுத்தினால் பசியும் எடையும் பெரும்பாலும் திரும்பி வருகின்றன என்பதும் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. பட்டையின் கதையை அறிந்தவர்கள், இம்மருந்துகளின் முதலாண்டு வெற்றியைக் கண்டு மயங்கவும் மாட்டார்கள். புதியவை என்பதற்காக அஞ்சி ஒதுக்கவும் மாட்டார்கள். பத்து ஆண்டுக் கணக்கு வருமட்டும் பொறுத்து நோக்குவார்கள்.

இரைப்பைப் பட்டை தோற்றது என்று கூறிவிடலாம். ஆனால் அதனைக் கண்டவர்கள் நோயாளிக்குத் தீங்கு குறைய வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு உழைத்தவர்கள். அதன் குறைகளை எண்ணி, அளந்து, வெளிப்படையாக எழுதியவர்களும் மருத்துவர்களே. அவ்வாறு எழுதியதனாலேதான் பசியின் உண்மை இயல்பு நமக்குத் தெரிய வந்தது. வயிற்றுக்கு இடும் கட்டு மட்டும் பசியை ஆளாது என்பது மெய்யானால், பருத்த உடலோடு நம் இல்லத்திலோ, அண்டை வீட்டிலோ, அலுவலகத்திலோ இருப்பவரைக் கேலி செய்யும் வழக்கத்தையும் நாம் விட்டொழிக்க வேண்டும். அவருக்கு வேண்டுவது நல்ல மருத்துவரும், பொறுமையுள்ள குடும்பமுமே.